ஆளுக்குப் பத்து ரூபாயில் பிறந்த வங்கி: உழைக்கும் பெண்களை உலகளவில் இணைத்த ‘சேவா’

1974-ஆம் ஆண்டு, குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரில் ஏழைப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சொந்தமாக ஒரு வங்கியைத் தொடங்கினர். காய்கறி விற்றவர்கள், தலையில் துணி மூட்டை சுமந்தவர்கள், வீட்டில் பீடி சுற்றியவர்கள், பழைய துணி வாங்கி விற்றவர்கள் எனப் பங்குதாரர்கள் அனைவருமே அன்றாடங்காய்ச்சிகள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வங்கி இன்றும் இயங்கி வருகிறது.

அந்த வங்கியைத் தோற்றுவித்த அமைப்பின் பெயர் ‘சுயதொழில் பெண்கள் சங்கம்’. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘சேவா’ என்று வரும். இந்தியிலும் குஜராத்தியிலும் அச்சொல்லுக்குச் சேவை என்று பொருள். இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள்.

பெண்களுக்குக் கடன் கொடுத்தால் வறுமை ஒழியும் என்ற பேச்சு உலகெங்கும் கேட்கிறது. சேவாவின் அனுபவம் அதற்கு ஒரு படி மேலே செல்கிறது. கடனுக்கு முன்னால் ஒற்றுமை வர வேண்டும், கடன் கொடுக்கும் நிறுவனமே அந்தப் பெண்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதே அது காட்டும் வழி. தோட்டத்திலும் நகரத்திலும் பலகாரம் சுட்டு, பூ கட்டி, துணி தைத்து, இணையத்தில் பொருள் விற்றுக் குடும்பம் நடத்தும் நம் பெண்களுக்கும் அது பொருந்தும்.

சமூகத் தொழில்முனைவு என்றால் என்ன?

ஒரு சமூகச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே தொழில் நடத்துவதைச் சமூகத் தொழில்முனைவு என்பர். அது நன்கொடையை நம்பி நடக்கும் தொண்டு அன்று. வரவு செலவுக் கணக்கு பார்த்துத் தன் காலில் நிற்க வேண்டிய தொழில். ஆனால் வரும் இலாபம் ஒருவர் பைக்குள் போகாமல், எந்த மக்களுக்காகத் தொழில் தொடங்கப்பட்டதோ அவர்களையே சேர வேண்டும்.

நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் லிஜ்ஜத் அப்பளம். 1959-ஆம் ஆண்டில் மும்பையில் ஒரே குடியிருப்பைச் சேர்ந்த ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் உருட்டத் தொடங்கினர். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் உழைக்கிறார்கள். அவர்கள் கூலியாட்கள் அல்லர், உரிமையாளர்களாகவே சேர்க்கப்படுகிறார்கள்.

லிஜ்ஜத் ஒரே பொருளைக் கொண்டு பெண்களை இணைத்தது. சேவாவின் வேலை அதைவிடக் கடினமானது. தொழிலும் சாதியும் மதமும் வெவ்வேறாக இருந்த பெண்களை அது ஒரே சங்கத்தில் சேர்த்தது.

துணிச் சந்தையில் தொடங்கிய கதை

அகமதாபாத் ஒரு காலத்தில் இந்தியாவின் பெரிய நெசவாலை நகரங்களுள் ஒன்று. அங்கு ஆலைத் தொழிலாளர்களுக்காக 1920-ஆம் ஆண்டில் அனசூயா சாராபாய் அம்மையாரும் காந்தியடிகளும் நிறுவிய தொழிற்சங்கம் வலுவாக இருந்தது. எலா பட் என்ற இளம் வழக்கறிஞர் 1955-ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். 1968-ஆம் ஆண்டில் அதன் மகளிர் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்குச் சங்கம் இருந்தது, சட்டம் இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது. ஆலைக்கு வெளியே உழைத்த பெண்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1971-ஆம் ஆண்டில் துணிச் சந்தையில் வண்டி இழுத்தும் சுமை தூக்கியும் பிழைத்த பெண்கள் உதவி கேட்டு எலா பட்டிடம் வந்தனர். துணி மூட்டைகளை மொத்த விற்பனைக் கடையிலிருந்து சில்லறைக் கடைக்குச் சுமந்து செல்வது அவர்களில் பலரின் வேலை. எத்தனை நடை நடந்தார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. வியாபாரி கொடுத்ததுதான் கூலி.

எலா பட் அந்நிலையைக் கட்டுரையாக எழுதினார். உள்ளூர் நாளேடு அதை வெளியிட்டது. கோபமுற்ற வியாபாரிகள், தாங்கள் நியாயமான கூலியே கொடுப்பதாக மறுப்பு வெளியிட்டனர். மகளிர் பிரிவு அந்த மறுப்பையே அட்டைகளில் அச்சிட்டுப் பெண்களிடம் கொடுத்தது. இவ்வளவு கூலி தருவதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அதைக் கொடுங்கள் என்று கேட்க அந்த அட்டை அவர்களுக்குப் பயன்பட்டது.

செய்தி பரவியது. பழைய துணி வியாபாரம் செய்த பெண்களும் தேடி வந்தனர். 1971 டிசம்பரில் ஒரு பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடினர். நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்ற யோசனை அக்கூட்டத்தில் இருந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் வந்தது. அப்படிப் பிறந்தது சேவா.

முதலாளி இல்லாத தொழிற்சங்கம்

சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது தொழிலாளர் துறை மறுத்தது. தொழிற்சங்கம் என்றால் எதிரே ஒரு முதலாளி இருக்க வேண்டும். தெருவில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு முதலாளி யார், யாரை எதிர்த்துச் சங்கம் போராடும் என்று அதிகாரிகள் கேட்டனர்.

சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் அமைக்கப்படுவதில்லை, தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்காகவும் அமைக்கப்படுகிறது என்று எலா பட் வாதிட்டார். நீண்ட விவாதத்திற்குப் பிறகு 1972 ஏப்ரல் 12-ஆம் நாள் சேவா தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது.

இது வெறும் பதிவுச் சான்றிதழ் பற்றிய விவகாரம் அன்று. ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர் என்பதே அங்கு கேள்வியாக இருந்தது. வீட்டிலிருந்தபடி ஊதுவத்தி உருட்டும் பெண்ணை அரசாங்கம் தொழிலாளியாகக் கணக்கெடுக்கவில்லை என்றால், அவளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இல்லை, காப்புறுதி இல்லை, பேறுகால உதவி இல்லை. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்ற ஒரு வரியில் அவள் உழைப்பு முழுவதும் மறைந்துபோகும்.

தெருவோர வியாபாரிகளுக்கும் இதே நிலைதான். பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் கூடை வைத்து விற்றாலும் அவர்கள் சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர்கள். அகமதாபாத்தின் மாணெக் சவுக் சந்தையில் அடித்து விரட்டப்பட்ட பெண் வியாபாரிகளுக்காகச் சேவா 1980-களில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய போராட்டங்களின் நீண்ட பயணத்தில்தான் இந்திய நாடாளுமன்றம் 2014-ஆம் ஆண்டில் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

வங்கி ஏன் தேவைப்பட்டது?

சங்கம் அமைந்ததும் பெண்களின் அடுத்த சிக்கல் வெளிப்பட்டது. அதுதான் வட்டி. காய்கறி விற்கும் பெண் காலையில் 50 ரூபாய் கடன் வாங்கிச் சரக்கு எடுப்பாள். மாலையில் 55 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பாள். ஒரே நாளில் பத்து விழுக்காடு வட்டி. கைவண்டி இழுப்பவர் வண்டிக்கு வாடகை கட்டுவார். தையல் வேலை செய்பவர் இயந்திரத்திற்கு வாடகை கட்டுவார். எவ்வளவு உழைத்தாலும் தொழில் கருவி சொந்தமாகாது.

1969-ஆம் ஆண்டில் இந்திய அரசு பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கி, ஏழைகளுக்கும் கடன் தரப் பணித்திருந்தது. சேவா தன் உறுப்பினர்களை அவ்வங்கிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. கறைபடிந்த சேலையோடும் கையில் குழந்தையோடும் வந்த பெண்களை வங்கி ஊழியர்கள் மதிக்கவில்லை. வங்கி திறந்திருக்கும் நேரம் அவர்களின் வியாபார நேரமாகவும் இருந்தது. படிவம் நிரப்பத் தெரியாதது இன்னொரு தடை.

நாமே ஒரு வங்கி தொடங்கினால் என்ன என்ற கேள்வி 1973-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்தது. நாம் ஏழைகள்தாம், ஆனால் எவ்வளவு பேர் இருக்கிறோம் என்ற எண்ணமே அதற்குத் துணிவு தந்தது. வங்கியைப் பதிவு செய்யும் ஆவணத்தில் கைநாட்டு வைத்தால் ஏற்க மாட்டார்கள் என்ற நிலை வந்தபோது, கையொப்பமிட வேண்டிய பெண்கள் இரவோடு இரவாகத் தங்கள் பெயரை எழுதப் பழகினர். 1974 மே மாதம் வங்கி பதிவானது.

படிக்காத வாடிக்கையாளர்களுக்கு ஏற்றபடி அவ்வங்கி தன் நடைமுறைகளை அமைத்துக்கொண்டது. கையெழுத்துக்குப் பதிலாகச் சேமிப்புப் புத்தகத்தில் உறுப்பினரின் புகைப்படம் ஒட்டப்பட்டது. அன்றாடம் வரும் சிறு வருமானத்திலிருந்து சேமிக்க வசதியாக ஊழியர்கள் வீட்டுக்கும் சந்தைக்கும் சென்று பணம் வசூலித்தனர். அடகுக் கடையில் சிக்கிய நகைகளை மீட்கவும் வங்கி உதவியது. முதலில் சேமிப்பு, பிறகு கடன் என்பது வங்கியின் பழக்கமாயிற்று. வாங்கும் சொத்து பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பதிலும் அது அக்கறை காட்டியது.

பதினொரு கேள்விகள்

கடன் கையில் இருந்தும் பெண்கள் மீண்டும் வறுமையில் விழுவதற்குக் காரணம் என்ன என்று சேவா ஆராய்ந்தது. நோய், பேறுகாலம், குடும்பத்தில் இறப்பு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை ஆகியவையே அடிக்கடி வந்த காரணங்கள். ஆகவே உறுப்பினர்களுக்குச் சொந்தமான சுகாதாரக் கூட்டுறவும் குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவும் தோன்றின. 1992-ஆம் ஆண்டில் காப்புறுதித் திட்டம் தொடங்கியது. கைவினைஞர்களுக்கும் பால் உற்பத்தியாளர்களுக்கும் தனித்தனிக் கூட்டுறவுகள் அமைந்தன.

தன் வேலை பயன் தருகிறதா என்று அறியச் சேவா பதினொரு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. வேலைவாய்ப்பு கூடியதா? வருமானம் கூடியதா? சத்தான உணவு கிடைக்கிறதா? உடல்நலப் பாதுகாப்பு இருக்கிறதா? குழந்தைப் பராமரிப்பு கிடைக்கிறதா? வீட்டு வசதி மேம்பட்டதா? சொத்து சேர்ந்ததா? அமைப்பு வலுப்பெற்றதா? பெண்களிடையே தலைமை வளர்ந்ததா? தனித்தனியாகத் தற்சார்பு வந்ததா? கூட்டாகத் தற்சார்பு வந்ததா? வருமானம் இவற்றுள் ஒன்றுதான்.

சேவாவின் பாதை எப்போதும் சீராக இருந்ததில்லை. 1981-ஆம் ஆண்டில் குஜராத்தில் இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கலவரம் மூண்டபோது சேவா தலித் மக்களின் பக்கம் நின்றது. அதன் விளைவாகத் தாய்ச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் நிழல் இல்லாமல் தனியே நிற்க வேண்டிய நிலை வந்தபோது, தனக்கென இருந்த வங்கியும் உறுப்பினர்களின் சந்தாவும் அதைத் தாங்கிப் பிடித்தன.

எல்லை கடந்த இணைப்பு

ஐக்கிய நாடுகள் அமைப்பு 1975-ஆம் ஆண்டை அனைத்துலகப் பெண்கள் ஆண்டாக அறிவித்து மெக்சிகோ நகரில் மாநாடு நடத்தியது. வெவ்வேறு கண்டங்களிலிருந்து வந்த பெண்கள் அங்கு பேசிப் பார்த்தபோது, வங்கி வாசலில் தங்களுக்கு நேர்வது ஒன்றுபோலவே இருப்பதை உணர்ந்தனர். அந்தச் சந்திப்பின் பயனாக 1979-ஆம் ஆண்டில் ‘பெண்கள் உலக வங்கி அமைப்பு’ உருவானது. அது வாஷிங்டனில் உள்ள உலக வங்கியுடன் தொடர்பில்லாத தனி அமைப்பு.

அதை நிறுவியவர்களில் எலா பட்டும் ஒருவர். இன்னொருவர் கானா நாட்டின் எஸ்தர் ஒக்லூ. பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்ணாக, உறவினர் கொடுத்த சில ஷில்லிங் பணத்தில் ஆரஞ்சு மார்மலேட் தயாரித்துத் தெருவில் விற்றவர் அவர். பின்னாளில் நாட்டின் முன்னணி உணவுத் தொழிற்சாலை உரிமையாளராக உயர்ந்தார். அமெரிக்க முதலீட்டுத் துறையிலிருந்து வந்த மிக்கேலா வால்ஷ் அமைப்பின் முதல் தலைமை நிர்வாகியாக இருந்தார். தெரு வியாபாரமும் தொழிற்சங்கமும் நிதித் துறையும் ஒரே மேசையில் அமர்ந்தது அதன் பலம்.

சங்கங்களுக்கிடையிலான இணைப்பும் வளர்ந்தது. வீட்டிலிருந்தபடி தொழில் செய்வோருக்காக 1990-களில் ‘ஹோம்நெட்’ என்ற அனைத்துலக வலையமைப்பு தோன்றியது. பல நாட்டுச் சங்கங்கள் கூட்டாகக் குரல் கொடுத்ததால், அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1996-ஆம் ஆண்டில் 177-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. வீட்டில் இருந்து பிறருக்காக உற்பத்தி செய்பவரும் தொழிலாளியே என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. 2002-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தெருவோர வியாபாரிகளுக்கான ‘ஸ்ட்ரீட்நெட்’ அமைக்கப்பட்டது. உடன்படிக்கையை உறுதிப்படுத்தி ஏற்ற நாடுகள் இன்னும் சிலவே; இந்தியாவும் மலேசியாவும் அவற்றுள் இல்லை.

தமிழகத்திலும் இதே காலத்தில் ஓர் இயக்கம் வளர்ந்தது. 1978-ஆம் ஆண்டில் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். இட்லி விற்றவர்கள், பூக்காரிகள், மீன் விற்ற பெண்கள் எனச் சேரிப் பகுதிகளில் உழைத்தவர்களைக் குழுக்களாகச் சேர்த்து, பின்னர் அவர்களுக்கென்று கடன் கூட்டுறவையும் அவ்வமைப்பு உருவாக்கியது.

கடன் மட்டும் போதுமா?

சிறுகடன் என்ற சொல்லை உலகறியச் செய்தவர் வங்காளதேசத்தின் முகமது யூனுஸ். அவர் நிறுவிய கிராமின் வங்கிக்கும் அவருக்கும் 2006-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின் சிறுகடன் பெரும் வணிகமாகவும் மாறியது.

அந்த மாற்றத்தின் ஆபத்து 2010-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் வெளிப்பட்டது. இலாபம் தேடிய பல நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்கு மாறி மாறிக் கடன் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் நிலை வந்தது. குழுவினரே ஒருவரையொருவர் நெருக்கும்படி வசூல் நடந்தது. தற்கொலைச் செய்திகள் வெளிவந்ததை அடுத்து, மாநில அரசு அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குழு என்ற பெயர் ஒன்றுதான். ஆனால் அகமதாபாத்தில் பெண்ணைத் தாங்கிய குழு, ஆந்திராவில் அவளை நெருக்கும் கருவியாயிற்று.

போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2015-ஆம் ஆண்டில் ஒருசேர வெளியாயின. சிறுகடனால் தொழில் செய்வதில் ஓரளவு சுதந்திரம் கிடைக்கிறது, ஆனால் சராசரியாகக் குடும்ப வருமானம் பெரிதாக உயர்வதில்லை என்பது அவற்றின் சாரம். பணம் ஒரு கருவி மட்டுமே என்று சேவா முன்பே கண்டதை அந்த ஆய்வுகளும் வேறு வழியில் எடுத்துக்காட்டின.

நம் நாட்டில்

கூட்டாகச் சேர்ந்தால் வலிமை என்பது மலேசியத் தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960-ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் தவணையாகச் செலுத்திய பங்குப் பணத்தில் அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. அந்தப் பணத்தில் பெண்களின் உழைப்பும் அடங்கியிருந்தது.

நம் பெண்களிடையே ‘கூட்டு’ப் பணம் கட்டும் பழக்கமும் நெடுங்காலமாக உண்டு. மகளுக்குத் தோடு, பிள்ளைக்குப் பள்ளிச் செலவு எனப் பல குடும்பத் தேவைகளை அது தீர்த்திருக்கிறது. ஆனால் பணத்தை எடுத்தவர் கட்டாமல் போனால் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. நம்பிக்கை இருந்தும் அதைத் தாங்கும் சட்டபூர்வ அமைப்பு இல்லாததே இங்குள்ள குறை. அந்த இடைவெளியில்தான் ஆலோங் நுழைகிறான்.

முறையான வழிகளும் உள்ளன. கிராமின் முறையைப் பின்பற்றி 1986-ஆம் ஆண்டில் சிலாங்கூரில் சோதனைத் திட்டமாகத் தொடங்கி, 1987-ஆம் ஆண்டில் அறக்கட்டளையாகப் பதிவானது அமானா இக்தியார் மலேசியா. பிணையில்லாமல் கடன், குழு முறை, தொடர்ச்சியான கூட்டங்கள் ஆகியவை அதன் அடிப்படை. இந்தியப் பெண் தொழில்முனைவோருக்காக 2024-ஆம் ஆண்டில் 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் ‘பெண்’ திட்டத்தை அது அறிவித்தது. தெக்குன் நேஷனல் வழியாக வழங்கப்படும் ‘ஸ்பூமி’ கடனும் இந்தியச் சிறுதொழில் செய்வோருக்கானது.

கடனோடு பாதுகாப்பும் சேர வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பெர்கேசோ அதைச் செயல்படுத்துகிறது. தொடக்கத்தில் டாக்சி ஓட்டுநர் போன்றோருக்காக இருந்த திட்டம், பின்னர் சிறுவணிகம் உள்ளிட்ட பல துறைகளுக்கு விரிந்தது. 2022 டிசம்பர் 1-ஆம் நாள் முதல் இல்லத்தரசிகளுக்கான திட்டமும் உள்ளது. 55 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா செலுத்திச் சேரலாம். வீட்டு வேலையின்போது நேரும் விபத்தும் அதில் அடங்கும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

மகளிர் குழு, கூட்டுறவு, கடன் திட்டம் என்று எந்தப் பெயரில் அழைப்பு வந்தாலும் சேவாவின் அனுபவத்தைக் கொண்டு சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, அது பதிவு பெற்ற அமைப்பா? கூட்டுறவு என்றால் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும்.

இரண்டாவது, உறுப்பினர் கணக்கைப் பார்க்க முடியுமா? தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றவும் உறுப்பினர்களுக்கு உரிமை இருக்கிறதா?

மூன்றாவது, கடன் வாங்கச் சொல்வதற்கு முன் சேமிக்கச் சொல்கிறார்களா? ஏற்கெனவே உள்ள கடனைப் பற்றிக் கேட்கிறார்களா?

நான்காவது, ஒரு மாதம் நோயில் விழுந்தால் குழு துணை நிற்குமா, அல்லது வாசலில் வந்து நிற்குமா?

ஐந்தாவது, வாங்கும் தையல் இயந்திரமோ, அடுப்போ, கடை உரிமமோ யார் பெயரில் இருக்கும்?

எலா பட் 2022 நவம்பர் 2-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் காலமானார். ரமோன் மக்சேசே விருது, பத்ம பூஷண், இந்திரா காந்தி அமைதிப் பரிசு ஆகியவை அவரைத் தேடி வந்தன. அவர் காலத்துக்குப் பிறகும் சங்கமும் வங்கியும் நின்றுவிடவில்லை. அவற்றின் பங்குகளும் வாக்குகளும் உழைக்கும் பெண்களிடமே இருக்கின்றன.